தாஸ்மேனியாவின் பாலும் அயோடினும்

ஆஸ்திரேலியக் கண்டத்துக்குத் தெற்கே, பாஸ் ஜலசந்திக்கு அப்பால் கிடக்கும் தாஸ்மேனியாத் தீவு பசும்புல்லுக்கும் ஆப்பிளுக்கும் பாலுக்கும் பேர்போனது. மேல்காற்றோடு வந்து கொட்டும் மழையும், பண்டைக் காலத்தில் அதன் மலைகளை மூடியிருந்து பின்பு உருகி ஓடிய பனிப்பாறைகளும் யுகயுகமாக அந்த மண்ணைக் கழுவி, அதிலிருந்த உப்புகள் பலவற்றைக் கடலிலே சேர்த்துவிட்டன. அப்படிப் போனவற்றுள் அயோடினும் ஒன்று. ஆகையால் அம்மண்ணில் முளைத்த புல்லிலும், அப்புல்லை மேய்ந்த பசுவின் பாலிலும், அப்பாலையும் தம் தோட்டத்துக் காய்கறியையும் நம்பி வாழ்ந்த குடியானவர்களின் உடம்பிலும் அந்தப் பொருள் மிகச் சொற்பமாகவே இருந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவாயிருந்தும், அயோடின் செறிந்த கடற்பாசி கரையோரமெங்கும் ஒதுங்கிக் கிடந்தும், உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்து வீங்கியிருந்தது. அக்கழலையைப் போக்க இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எடுத்துக்கொண்ட முயற்சிகளின் சரித்திரம் பெரும்பாலும் பாலின் சரித்திரமாகவே அமைந்துவிட்டது. பசுவின் வயிற்றிலும் மடியிலும் புகுந்த சில ரசாயனப் பொருள்கள், பாலில் அயோடினை ஒரு காலத்தில் குறைத்தும் மற்றொரு காலத்தில் பெருக்கியும், அத்தீவு மக்களின் ஆரோக்கியத்தை அவர்கள் அறியாதவாறு ஆண்டுவந்தன.

ஒருவருக்கு நாள்தோறும் வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான். எழுபது ஆண்டு வாழ்கிறவர் தம் ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டியது நான்கு கிராமுக்குள் அடங்கிவிடும். அந்த அற்ப அளவும் கிட்டாதபோது, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, இரத்தத்தில் வரும் அயோடினைச் சிறிதும் தவறவிடாமல் பற்றும்பொருட்டுத் தானே பருத்துக் கழலையாகிறது. கர்ப்பிணிக்குக் கிட்டாவிடில் வயிற்றிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சியே குன்றுகிறது. 1811-இல் பிரான்சில் வெடியுப்புத் தயாரித்துவந்த பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து இப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தார். 1820-இல் ஜெனீவா நகர வைத்தியர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். மருந்துண்டவர் சிலரிடம் நெஞ்சுப் படபடப்பும் உடல் இளைப்பும் தோன்றக் கண்டு, அதன் அபாயத்தையும் அவரே எடுத்துரைத்தார். அமெரிக்காவில் ஓஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரில் 1917 முதல் டேவிட் மரைனும் கிம்பலும் பள்ளிச் சிறுமிகளுக்கு அயோடின் உப்பைக் கொடுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினர். 1922-இல் சுவிட்சர்லாந்தும் 1924-இல் மிச்சிகன் மாகாணமும் சமையலுப்பிலேயே அதைச் சேர்க்கத் தொடங்கின. ஆகவே, தாஸ்மேனிய அரசாங்கம் இக்காரியத்தில் இறங்கிய காலத்தில், நோய்க்குக் காரணம் தெரியும், மருந்தும் தெரியும், இனிச் செய்யவேண்டியது விநியோகம் ஒன்றே என்ற நம்பிக்கை இருந்தது.

1949-இல் எஃப். டபிள்யூ. கிளெமென்ட்ஸ் என்னும் போஷாக்கு நிபுணர் அத்தீவின் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார். மறு ஆண்டு முதல் வாரத்துக்கு ஒரு மாத்திரை வீதம், 10 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு பள்ளிகள் வாயிலாக வழங்கப்பட்டது. ஆனால், சில ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்தபோது கழலை எதிர்பார்த்தபடி குறையவில்லை; இளம் பிள்ளைகளிடையே அது கூடியிருந்த இடங்களும் உண்டு. மாத்திரை வழங்குவதில் பல பள்ளிகள் சிரத்தை காட்டவில்லை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அன்றைக்கு அந்த விளக்கம் கிளெமென்ட்ஸின் மனத்துக்குப் போதவில்லை. பிள்ளைகளின் ஆகாரத்தில் புதிதாக எது வந்து சேர்ந்தது என்று அவர் தேடத் தொடங்கினார்.

புதிதாக வந்து சேர்ந்தது பால். பதின்மூன்று வயதுக்குட்பட்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் தினந்தோறும் மூன்றிலொரு பைண்ட் பாலை இலவசமாகக் கொடுக்க ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் 1950-இல் சட்டம் செய்திருந்தது. அந்தத் தேவையை ஈடுசெய்ய, புல் வற்றும் பருவத்திலும் மாடுகள் பால் குன்றாமல் இருக்கவேண்டி, பண்ணைக்காரர்கள் சூ மோலியே என்னும் தீவனப் பயிரை ஏராளமாகப் பயிரிட்டனர். அது முட்டைக்கோசு, கடுகு, டர்னிப் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது, ஆளுயரத்துக்கு வளர்வது. அதன் அகன்ற இலையை மட்டுமின்றி, சதைப்பற்று நிறைந்த பருத்த தண்டையும் மாடுகள் கடித்துத் தின்றுவிடும். கறப்பதற்கு முன்னால் அதைத் தின்ற மாட்டின் பாலில் ஒருவிதக் கார வாடை வீசுமாதலால், கறந்து முடித்த பின்னரே மாடுகளை அவ்வயலில் விடுவது பண்ணைக்காரர் வழக்கம். வாடை பாலில் இறங்குமானால் வேறு பொருளும் இறங்கலாமல்லவா?

இந்த ஐயத்துக்கு ஆதாரமாக முன்னமே சில ஆராய்ச்சிகள் இருந்தன. 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் செஸ்னி முதலானோர் வேறொரு வியாதியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்கு முட்டைக்கோசையே முக்கிய ஆகாரமாகக் கொடுத்துவர, அவற்றுக்குப் பெரிய கழலைகள் உண்டாயின. இரத்தக் கொதிப்புக்கு மருந்தாகத் தயோசயனேட் என்னும் உப்பைக் கொடுத்த நோயாளிகளுக்குக் கழுத்து வீங்கியதை 1930-களில் வைத்தியர்கள் கண்டனர். 1941-இல் நியூசிலாந்தில் கென்னடியும் பர்வெஸும் கடுகினத்து விதைகளைத் தின்ற எலிகளில் கழலையை விளக்கினர். 1949-இல் ஆஸ்ட்வுட்டும் அவருடைய சகாக்களும் அவ்வினத்திலிருந்து காய்ட்ரின் என்னும் கழலைப் பொருளைப் பிரித்தெடுத்தனர். இவற்றையெல்லாம் கருதிய கிளெமென்ட்ஸ், சூ மோலியே தின்ற மாட்டின் பாலை மனிதருக்குக் கொடுத்து, அவர்களுடைய தைராய்டு கதிரியக்க அயோடினை எவ்வளவு பற்றுகிறதென்று அளந்து, அது தடைப்படுகிறதென்ற முடிவை விஷார்ட்டுடன் சேர்ந்து 1956-இல் வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைக்குப் போஷாக்குக்கென்று சர்க்கார் கொடுத்த பாலே அதன் கழுத்தை வீங்கச் செய்கிறதென்ற கூற்று, பால் வளத்தை நம்பிய தேசங்களிலெல்லாம் பெருங்கவலையை உண்டாக்கிற்று.

அக்கவலைக்கு விடை தேடியவர்களுள் தலையாயவர் பின்லாந்தின் ஏ. ஐ. விர்த்தனன். பசுந்தீவனத்தை அமிலமூட்டிப் பதப்படுத்தும் முறையைக் கண்டு 1945-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற அவருடைய நாட்டிலும், கிழக்குப் பகுதிகளில் அக்காலத்தில் கழலை மிகுந்திருந்தது. அவரும் அவருடைய மாணாக்கர்களும் கடுகினத் தீவனத்தைப் பசுக்களுக்குக் கொடுத்துப் பாலைச் சோதித்தனர். பசு உட்கொண்ட காய்ட்ரினில் மிக அற்பமான பங்கே பாலில் வந்தது. தயோசயனேட் சில மில்லிகிராம் வந்ததாயினும், மனிதனுக்குக் கழலை உண்டாக்க அது போதாது. பால் விஷத்தைச் சுமந்து வருகிறதென்ற குற்றச்சாட்டு இவ்வாறு நிரூபணமாகவில்லை.

ஆனால், விர்த்தனனின் கூடத்தில் நடந்த இன்னொரு பரிசோதனையே, என் அபிப்பிராயத்தில், இவ்விஷயம் முழுமைக்கும் திறவுகோல். பீரோனனும் விர்த்தனனும் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பசுவின் ஆகாரத்தில் தயோசயனேட் மிகும்போது பாலில் அயோடின் குறைகிறதென்று காட்டிற்று. பாலில் என்ன கேடு வருகிறதென்று உலகம் தேடிக்கொண்டிருந்த வேளையில், பாலில் வரவேண்டியது வராமற் போவதே கேடாகலாம் என்பது இதனால் புலனாயிற்று. முன்பே அயோடின் வறுமைப்பட்ட மண். அதில் விளைந்த தீவனமும் அயோடினைத் தடுக்கும் பொருளைக் கொண்டது. அதைத் தின்ற மாட்டின் மடி, இரத்தத்திலிருந்த சொற்ப அயோடினையும் பாலுக்குக் கொடுக்க மாட்டாமல் நின்றது. சிசுவின் மூளைக்காகத் தாய்ப்பாலில் அயோடினைச் சேர்க்க இயற்கை செய்துவைத்த ஏற்பாட்டையே இத்தடை சென்று தாக்குகிறது என்பதை எண்ணினால், அதன் கொடுமை விளங்கும்.

மடிக்கும் தைராய்டுக்கும் உள்ள உறவை இங்கே சிறிது விளக்கவேண்டும். இரத்தத்தில் மிக நீர்த்த நிலையில் ஓடும் அயோடைடைப் பிடித்து உள்ளே குவிக்கும் சக்தி தைராய்டு சுரப்பிக்கு உண்டு; பால் சுரக்கும் காலத்து மடிக்கும் அதே சக்தி உண்டு. அவ்வேலையைச் செய்வது சோடியத்தையும் அயோடைடையும் சேர்த்து உயிரணுவினுள் இழுக்கும் ஒரு புரதம் என்பதை, 1996-இல் கராஸ்கோவின் குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து நிலைநாட்டினர். அப்புரதம் அயோடைடுக்கென்றே அமைந்ததாயினும், அளவிலும் மின்னேற்றத்திலும் அயோடைடை ஒத்த பிற அயனிகளை அதனால் அடையாளம் பிரிக்க முடிவதில்லை. சீட்டில்லாத கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு வாசலை அடைத்தால், சீட்டோடு வந்தவர் வெளியிலேயே நின்றுவிடுவதுபோல, பெர்குளோரேட்டும் தயோசயனேட்டும் நைட்ரேட்டும் அவ்விடத்தைப் பற்றிக்கொள்ள, அயோடைடு இரத்தத்திலேயே தங்கிச் சிறுநீரோடு கழிந்துபோகிறது. இவற்றின் வலிமை ஒன்றல்ல: பெர்குளோரேட் தயோசயனேட்டைவிடச் சுமார் 15 மடங்கும், நைட்ரேட்டைவிடச் சுமார் 240 மடங்கும் வலியது. பெர்குளோரேட் ராக்கெட் எரிபொருளிலும் வெடிமருந்திலும் சேர்வது. நைட்ரேட் உரமிட்ட வயலின் பசுந்தீவனத்தில் மிகுவது. தயோசயனேட்டோ கடுகினத்திலிருந்தும், சயனைடு பொதிந்த வெள்ளைக் குளோவர் முதலான மேய்ச்சல் செடிகளிலிருந்தும் பசுவின் உடம்பிலேயே பிறப்பது.

இத்தடையை நன்மைக்கே பயன்படுத்தலாமென்று எண்ணியவர்களும் இருந்தனர். 1957 அக்டோபர் 10-ஆம் தேதி இங்கிலாந்தின் கம்பர்லாந்துக் கடற்கரையில் விண்ட்ஸ்கேல் அணு உலையில் பற்றியெரிந்த தீயால் கதிரியக்க அயோடின் காற்றோடு பரவி, புல்லில் படிந்து, பசுவின் வாய்வழியாகப் பாலில் இறங்கியது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் வட்டாரத்துப் பால் முழுவதும் விற்பனைக்குத் தடுக்கப்பட்டு, வாரக்கணக்கில் கீழே கொட்டப்பட்டது. அணுகுண்டுப் பரிசோதனைகள் மலிந்திருந்த அக்காலத்தில், அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் லெங்கெமான் என்னும் ஆராய்ச்சியாளர் பசுவின் ஆகாரத்தில் எதைச் சேர்த்தால் இவ்வயோடின் பாலுக்குள் வராது என்று தொடர்ந்து சோதித்துவந்தார். பெர்குளோரேட் கொடுத்தால் பாலில் சேரும் அயோடின் குறைகிறதென்று 1973-இல் எழுதினார். கதிரியக்க அயோடினின் பாதி எட்டே நாளில் அழிந்துவிடுவதால், பசுவுக்கு மருந்து கொடுப்பதைவிட அந்தப் பாலை அப்புறப்படுத்துவதே உசிதமென்பது என் துணிபு. 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பின் பாலை உரிய நேரத்தில் நிறுத்தாத ஊர்களில் குழந்தைகள் பலருக்குத் தைராய்டுப் புற்று வந்தது, அத்துணிபுக்குத் துக்கமான சான்று.

தாஸ்மேனியாவுக்குத் திரும்புவோம். மாத்திரை பயன்படாமையால், 1966 ஏப்ரல் முதல் ரொட்டி மாவில் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு வீதம் பொட்டாசியம் அயோடேட் சேர்க்க ஏற்பாடாயிற்று. ரொட்டியை உண்ணாதவர் அங்கே இல்லையாதலால், பிள்ளைகளின் கழலை இறங்கத் தொடங்கிற்று. ஆனால், அடுத்த ஆண்டே, பழைய கழலையோடு வாழ்ந்த முதியவர்களிடையே நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, உடல் இளைக்கும் தைராய்டு மிகைச்சுரப்பு நோய் பெருகிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் குவாந்தே கண்ட அதே விபரீதம், ஒரு தீவு முழுவதிலும் தோன்றியது. ரொட்டியே காரணமென்று யாவரும் கருதியிருக்க, லான்செஸ்டன் நகரத்து ஸ்டூவர்ட் என்னும் வைத்தியரும் விடோரும் பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தனர். ரொட்டியில் அயோடின் சேர்வதற்கு முன்பே, 1960-களின் தொடக்கத்திலேயே அந்நோய் ஏறத் தொடங்கியிருந்தது. அப்படியானால் அந்த அயோடின் எங்கிருந்து வந்தது?

வந்த வழி மறுபடியும் பால்தான். அயோடினை நுரைக்கும் சவர்க்காரப் பொருளோடு பிணைத்துச் செய்த அயோடோஃபோர் என்னும் கிருமிநாசினி அக்காலத்தில் பால் பண்ணைகளில் பரவியிருந்தது. தேயிலை நீரின் நிறமுள்ள அக்கரைசலில் கறவை இயந்திரத்தின் குழாய்களையும் பால் கேன்களையும் லாரித் தொட்டிகளையும் கழுவினர். வீரியம் குன்றினால் நிறம் வெளுத்துவிடுமாதலால், எப்போது மாற்றவேண்டும் என்பது வேலையாளுக்குக் கண்ணாலேயே தெரியும். மடிவீக்க நோயைத் தடுக்க இங்கிலாந்தின் ஷின்ஃபீல்டிலிருந்த பால்துறை ஆராய்ச்சி நிலையத்தில் நீவ் முதலானோர் விருத்தி செய்த முறைப்படி, கறந்து முடிந்ததும் காம்புகளை ஒவ்வொன்றாகச் சிறு கிண்ணத்துக் கிருமிநாசினியில் தோய்த்தெடுக்கும் பழக்கமும் வந்தது. கேன்களில் எஞ்சிய ஈரம் பாலோடு கலந்தது. காம்பின் தோல் வழியே உறிஞ்சப்பட்ட அயோடின் இரத்தத்துக்குப் போய், மடியினால் பற்றப்பட்டு, அடுத்த வேளைப் பாலில் வந்து சேர்ந்தது. மக்களுக்கு அயோடின் ஊட்டவேண்டுமென்று அங்கே எவரும் நினைக்கவில்லை. பால் கெடாமலிருக்க வேண்டுமென்றுதான் நினைத்தனர். சுகாதார நிபுணர்கள் ரொட்டியில் அளந்து அளந்து போட்ட பொருளை, கறவைக் கூடத்தில் அளவின்றியே பாலில் சேர்த்துக்கொண்டிருந்த உண்மையை, ஸ்டூவர்ட்டும் விடோரும் 1976-இல் பகிரங்கப்படுத்தினர்.

பிரிட்டனுக்கு வாய்த்த அதிருஷ்டமும் இதுவே. டெர்பிஷைர் கழுத்து என்று ஒரு ஜில்லாவின் பெயராலேயே கழலை வழங்கிய அந்நாட்டில், உப்பில் அயோடின் சேர்க்கவேண்டுமென்ற சிபாரிசு நிறைவேறவேயில்லை; எனினும் மாட்டுத் தீவனத்தில் சேர்த்த அயோடினாலும் காம்பு தோய்க்கும் மருந்தாலும் பால் அயோடின் நிரம்பியதாகிக் கழலை மறைந்தது. தற்செயலாகக் கிட்டிய வெற்றியென்று இதை 1997-இல் பிலிப்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார்.

தற்செயலாக வந்தது தற்செயலாகவே போகும். பாலில் அயோடின் நிறைந்திருக்கிறதென்ற தைரியத்தில் 1976-இல் தாஸ்மேனிய ரொட்டியில் அயோடேட் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பிறகு, குளோரின் முதலான மலிவான கிருமிநாசினிகள் பண்ணைகளில் இடம்பிடிக்க, அயோடோஃபோர் படிப்படியாக விலகிற்று. ரொட்டியிலும் நின்றது, பாலிலும் குறைந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எந்த இலாகாவுக்கும் இல்லை. கிருமிநாசினியை மாற்றிய பண்ணைக்காரர் விலையைப் பார்த்தார், பால் தரம் பார்த்தவர் கிருமிகளின் எண்ணிக்கையைப் பார்த்தார், குழந்தைகளின் சிறுநீரில் அயோடினைப் பார்ப்பார் இல்லை. நூற்றாண்டின் முடிவில் மறுபடியும் சோதித்தபோது தாஸ்மேனியப் பிள்ளைகள் அயோடின் குறைவோடிருந்தனர். பெருநிலத்தில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாகாணங்களிலும் அக்குறை தென்பட்டது.

அக்குறையின் விலையும் பின்னர் அளக்கப்பட்டது. 1999 முதல் 2001 வரை தாஸ்மேனியாவில் கர்ப்பமுற்றிருந்த தாய்மார்களின் சிறுநீரைச் சோதித்து வைத்திருந்த ஆராய்ச்சியாளர்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் ஒன்பதாம் வயதுப் பள்ளித் தேர்வு மதிப்பெண்களோடு அதை ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டனர். கர்ப்பகாலத்தில் அயோடின் குறைந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகள் எழுத்துக்கூட்டுத் தேர்வில் மற்றப் பிள்ளைகளைவிடச் சுமார் 10 சதவிகிதம் பின்தங்கியிருந்தனர். பிறந்த பிறகு அப்பிள்ளைகளுக்குப் போதிய அயோடின் கிடைத்திருந்தும், அந்தக் குறை தீரவில்லை. கழுத்தில் வீக்கம் தெரியாத மிதமான குறையே இவ்வளவு செய்யுமானால், கழலையைக் கண்டால்தான் நோயென்று எண்ணும் பழைய பழக்கத்தை நாம் அடியோடு விட்டொழிக்கவேண்டும்.

2001-இல் தாஸ்மேனிய அரசு ரொட்டிக்கு அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும்படி ரொட்டிச் சாலைக்காரர்களை வேண்டிக்கொண்டது, அவர்களும் இசைந்தனர். 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியா முழுவதிலும் ரொட்டிக்கு அவ்வுப்பே போடவேண்டுமென்று சட்டமாயிற்று. நியூசிலாந்து அதற்கு ஒரு மாதம் முந்திக்கொண்டது. பாலின் நிலையோ இன்றும் திடமில்லாதது. கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையில் எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் பிண்ணாக்கு ஐரோப்பியப் பசுக்களின் முக்கியத் தீவனங்களுள் ஒன்று. கழலைப் பொருள் குறைந்த வகையான டவர் என்னும் ரேப்பை 1974-இல் கனடாவில் ஸ்டெஃபான்சன் உண்டாக்கித் தந்தார். அவ்வித வகைகள் பரவிய பின்பும், பிண்ணாக்கில் எஞ்சிய பொருள் பாலின் அயோடினைப் பாதியளவுக்கும் கீழே இறக்கக் கூடுமென்று ஜெர்மானியப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. மிகுதியால் தீங்கு நேருமென்று அஞ்சிய ஐரோப்பிய ஒன்றியம், கறவை மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் அயோடினின் உச்ச அளவைக் கிலோவுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாக 2005-இல் குறைத்தது. செயற்கை உரமின்றிக் குளோவர் மேய்ச்சலில் வளர்த்த பசுக்களின் பாலில் அயோடின் மற்றப் பாலைவிடக் குறைவென்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

பால் கறக்கும் தேசங்களின் சுகாதார இலாகாக்களுக்கும் பால் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. புதிய தீவனத்துக்கோ, புதிய உரத்துக்கோ, புதிய கழுவுநீருக்கோ அனுமதி தருமுன் கிருமியையும் கொழுப்பையும் அளப்பதுபோலவே பாலின் அயோடினையும் அளந்து, மாறிய அளவைப் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தெரிவிக்கும் நிரந்தர ஏற்பாடு ஒன்றை அவர்கள் செய்துவைக்க வேண்டும்.